ஒரு பிளக்கின் விலையும் ஓர் எஞ்சினின் உயிரும்

சில மாதங்களுக்கு முன்னர், சிட்னியில் வாழும் எனது மருமகன், அதாவது என் மூத்த சகோதரியின் மகன், தொலைபேசியில் அழைத்தான். அங்கே நள்ளிரவு. இங்கே கொழும்பில் நான் மறுநாள் பத்திரிகையின் முதற்பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வேளை. "மாமா, எஞ்சின் செத்துப்போச்செண்டு சொல்லுறாங்கள்" என்றான். குரல் ஒரு மரணச் செய்தியைச் சொல்பவனின் குரலாக இருந்தது.

அவன் சொன்னது அவனது மோட்டார் வாகனத்தைப் பற்றி. 1993ஆம் ஆண்டின் மஸ்டா ஆர்.எக்ஸ்.-7. ரோட்டரி எஞ்சின் பூட்டிய இரண்டு கதவுக் கார். பல வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கியது. திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை இரும்பில் போட்டான் என்று சகோதரி இன்னமும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த விவாதத்தில் நான் தலையிடுவதில்லை.

விசாரித்தபோது கதை வெளிவந்தது. "பழைய பிளக்குகளைக் கழற்றி எறி, பந்தயக்காரர் போடும் குளிர்வகைப் பிளக்குகளை நான்கிலும் போடு, எஞ்சினுக்குப் பாதுகாப்பு" என்று சில நண்பர்கள் அறிவுரை வழங்கியிருக்கிறார்கள். இவனும் அதிக விலை கொடுத்து வாங்கிப் பூட்டியிருக்கிறான். அவனது அன்றாடப் பயணமோ வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட ஓட்டம். மூன்றாவது வாரத்தில் காலை வேளைகளில் எஞ்சின் விக்கத் தொடங்கியது. ஐந்தாவது வாரத்தில் உயிர்க்கவே மறுத்தது. அருகிலிருந்த ஒரு கராஜில் அமுக்கத்தை அளந்து பார்த்து, "எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்று சொல்லி, காரின் விலையில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள்.

நான் கலைப் பட்டதாரி. எஞ்சினைப் பற்றி எனக்குக் கற்பித்தவர் எவருமில்லை. ஆனால் பத்திரிகைத் தொழிலில் நுழைந்த நாளிலேயே எனது முதல் ஆசிரியர் ஒரு கேள்வியைக் கற்பித்தார். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இதை யார் சொன்னது?" என்பதே. ஆகவே மருமகனிடமும் அதையே கேட்டேன். "நண்பர்கள் சொன்னது இருக்கட்டும். காரைச் செய்தவன் என்ன பிளக்கைப் போடச் சொல்லியிருக்கிறான்?" மறுமுனையில் நீண்ட மௌனம். கையேடு காரின் முன்பெட்டியிலேயே கிடந்தது. முப்பது வருடங்களாக அங்கேதான் கிடந்திருக்கிறது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

இக்கட்டுரை அந்த மௌனத்துக்கு எதிராக எழுதப்படுகிறது.

நான் வாதிடப்போவது இதுதான்: பழைய ரோட்டரி எஞ்சினுக்கு எந்தப் பிளக் என்பது விவாதத்துக்குரிய விடயமே அல்ல. அதனைச் செய்தவர்கள் அறுபது வருட உழைப்பின் மூலம் விடை கண்டு, இலக்கமாகப் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கத்தைப் புறந்தள்ளிச் செவிவழிச் செய்திக்குப் பின்னால் ஓடுவது துணிச்சலுமல்ல, நிபுணத்துவமுமல்ல. வெறும் சோம்பேறித்தனம்.

முதலில், இந்த எஞ்சின் ஏன் மற்றவை போன்றதல்ல என்பதைச் சொல்ல வேண்டும். ஜேர்மனியரான ஃபீலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் உருவாகி, என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957இல் முதன்முதலாக இயங்கிக் காட்டிய எஞ்சின் இது. ஹிரோஷிமாவின் மஸ்டா நிறுவனம் 1961இல் அதற்கான உரிமத்தைப் பெற்றது. ஆனால் கைக்கு வந்தது நோயாளி எஞ்சின். உள்சுவரில் வரிவரியாகக் கீறல்கள் விழுந்தன. அவற்றைப் பிசாசின் நகக் கீறல்கள் என்று அங்கே அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியியலாளரின் தலைமையில் 47 பேர் கொண்ட குழுவினர் வருடக்கணக்கில் போராடிய பின்னரே 1967 மே மாதத்தில் கொஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் விற்பனைக்கு வந்தது. உலகின் பெரிய நிறுவனங்கள் பல கைவிட்ட ஒன்றை அவர்கள் கைவிடவில்லை. 1991இல் பிரான்சின் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் மஸ்டா 787பி வெற்றி பெற்றது. அதன் எஞ்சினில் ரோட்டர் ஒன்றுக்கு மூன்று பிளக்குகள். அந்த மூன்றையும் எவரும் ஊகத்தில் தெரிவு செய்திருக்க மாட்டார்கள்.

இந்த எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் சற்றே வீங்கிய முக்கோண வடிவ ரோட்டர், நடுவில் இடுங்கிய ஒரு கூட்டினுள் சுழல்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டு, அவை கூட்டின் சுவரைத் தடவியபடி ஓடுகின்றன. என் மருமகனின் காரில் உள்ளவை 2 மில்லிமீற்றர் தடிப்பானவை. எஞ்சினின் உயிர் அந்தத் தகடுகளில்தான் தொங்குகிறது.

இனிப் பிளக்கின் பாட்டைப் பாருங்கள். சாதாரண எஞ்சினில் காற்று உள்ளே வருவதும் எரிவதும் ஒரே அறையில் நிகழ்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வரும் குளிர்ந்த கலவை பிளக்கைச் சற்று ஆற்றிவிட்டுப் போகும். ரோட்டரியிலோ காற்று நுழைவது ஒரு பக்கம், எரிவது எதிர்ப் பக்கம். எரியும் பக்கம் எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, தண்டின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை எரிகிறது. சாதாரண நாலடிப்பு எஞ்சினின் ஒரு சிலிண்டரில் இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவைதான் எரியும். அத்துடன் இந்த ஆர்.எக்ஸ்.-7இல் கீழ்ப்பிளக்குகள் இரண்டையும் ஒரே கொயில் சேர்த்தே பொறிக்க வைப்பதால், நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஓடும்போது ஒரு கீழ்ப்பிளக் 6,000 தடவை பொறிகிறது. தனித்தனிக் கொயில் கொண்ட சாதாரண காரில் 1,500. நான்கு மடங்கு உழைப்பு! இவை போதாவென்று, ஏபெக்ஸ் சீல்கள் தேயாமல் இருக்க எரியும் அறைக்குள்ளேயே எண்ணெய் சிறிது சிறிதாகச் செலுத்தப்படுகிறது. அந்த எண்ணெயும் பிளக்கின் முகத்தில்தான் படிகிறது.

சூடும் கரியும் ஒருசேரத் தாக்கும் இடத்தில் நிற்கிறது இந்தப் பிளக். இதற்கு "எந்தப் பிளக்கும் போடலாம்" என்று சொல்பவரை என்னவென்பது?

ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்குகள். கீழே இருப்பது லீடிங், அதாவது முன்னோடி. பெரும்பாலான வேலையைச் செய்வது அதுவே. மேலே இருப்பது டிரெய்லிங், பின்தொடர்வது. மேல் துளையை ஏபெக்ஸ் சீல் கடக்கும்போது அதன் இரு பக்கத்திலும் அமுக்க வேறுபாடு அதிகம் என்பதால், வாயு கசியாமல் இருக்க அந்தத் துளையை மிகச் சிறிதாகச் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. ஒரே வேலையைச் செய்வதுமில்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே பிளக் விதிக்கப்படவுமில்லை. டர்போ பூட்டிய ஆர்.எக்ஸ்.-7க்கு என்.ஜி.கே. நிறுவனத்தின் பி.யூ.ஆர்.7ஈ.கியூ. கீழுக்கும், பி.யூ.ஆர்.9ஈ.கியூ. மேலுக்கும் என்பதே தொழிற்சாலை வகுத்த ஒழுங்கு.

அந்த 7உம் 9உம் வெப்ப இலக்கங்கள். பிளக்கின் பொறி எவ்வளவு சூடு என்பதை அவை சொல்வதில்லை. தான் வாங்கும் சூட்டைப் பிளக் எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதையே சொல்கின்றன. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துத் துப்புரவாகும். 850 பாகையைத் தாண்டினால், பொறி வருமுன்னரே அந்த முனையே கலவையைக் கொளுத்திவிடும். இந்த இரு எல்லைகளுக்குள் பிளக்கை வைத்திருப்பதுதான் இலக்கத்தின் வேலை. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் இலக்கம் கூடக் கூடப் பிளக் குளிர்வகை. பொஷ்சிலும் சாம்பியனிலும் நேர்மாறு, இலக்கம் கூடினால் சூட்டுவகை. இதை அறியாமல் "ஒரு இலக்கம் கூட்டிப் போடு" என்று பொதுவாகப் புத்தி சொல்பவர், தான் எந்தத் திசையில் தள்ளுகிறார் என்பதையே அறியாதவர்.

இனி, இந்த உலகில் வேதவாக்குகளாக உலவும் பொய்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது: "குளிர்வகை எப்போதும் பாதுகாப்பானது." பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் ஓடும் காருக்கு அது உண்மை. பத்து நிமிடத்தில் ரயில் நிலையத்துக்குப் போய் நிற்கும் காருக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. பிளக் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. கரி எரியவில்லை. எண்ணெயும் பெற்றோலும் சேர்ந்து முனையை நனைக்கின்றன. பொறி வலுவிழக்கிறது. எரியாத பெற்றோல் உள்ளே தேங்குகிறது. தேங்கிய பெற்றோல் ஏபெக்ஸ் சீல்களின் மேலிருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. படலம் போனதும் அமுக்கம் விழுகிறது. அந்த நிலையில் அளந்து பார்ப்பவர் "எஞ்சின் செத்தது" என்று தீர்ப்பெழுதுகிறார். என் மருமகனுக்கு நடந்தது இதுவே. சாதாரண பிஸ்டன் எஞ்சினுக்கான மானியை வைத்து அளந்ததும் பிழை. ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் மானி வேண்டும்.

டர்போவின் அமுக்கத்தை உயர்த்தி, எஞ்சினைத் திருத்தியமைத்தவர்கள் நான்கிலும் 9 போடுகிறார்கள் என்பது உண்மை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் என்ன மாற்றினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கிறார்கள். கரி பிடித்தால் மாற்றுகிறார்கள். அது ஒரு தீர்மானம். அவர்களுடைய தீர்மானத்தை, அவர்களுடைய எஞ்சின் இல்லாமல் இரவல் வாங்குவதுதான் மடமை.

மறுதிசையில் தவறுவது இதைவிடக் கொடியது. கரி பிடிக்கிறதென்று சூட்டுவகைப் பிளக்கைப் போட்டு, டர்போ எஞ்சினை விரட்டினால், முனை செந்தணலாகும். கலவை வேளைக்கு முன்னரே வெடிக்கும். பிஸ்டன் எஞ்சின் அந்த அடியைச் சில காலமாவது தாங்கக்கூடும். 2 மில்லிமீற்றர் தகடு தாங்காது. உடைந்த துண்டு வெளிவழியால் போய் டர்போவின் சக்கரத்தையும் சிதைத்துவிட்டே ஓயும். கரிபிடித்த பிளக் காரை நிறுத்தும். சூடேறிய பிளக் எஞ்சினையே உடைக்கும்.

இரண்டாவது: "புரி பொருந்தினால் பிளக் பொருந்தும்." 14 மில்லிமீற்றர் புரி உலகிலுள்ள கோடிக்கணக்கான பிளக்குகளுக்குப் பொது. ஆனால் ரோட்டரியில் பிளக்கின் துளைக்கு மேலாக ஒவ்வொரு சுழற்சியிலும் ஏபெக்ஸ் சீல் ஓடுகிறது. பிளக்கின் எந்தப் பகுதியும் சுவரைத் தாண்டி உள்ளே தலைகாட்டக் கூடாது. நீளம் கூடிய பிளக்கைத் திருகி எஞ்சினை ஒரே ஒரு தடவை சுழற்றினாலும் போதும், தகடு பிளக்கில் மோதும். அதனால்தான் ரோட்டரிப் பிளக்கின் முகம் சாதாரண பிளக்கைப் போல ஒற்றைக் கொக்கியோடு இராமல், நடு முனையைச் சுற்றிப் பல மின்வாய்களோடு உள்ளடங்கி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தட்டிச் சரிசெய்ய முனைவதும் வீண்வேலை. பெயரிலுள்ள 'ஆர்' என்ற எழுத்தும் அலங்காரமல்ல. மின்னிரைச்சலை அடக்கும் தடை உள்ளே இருக்கிறது என்பதன் அடையாளம் அது. அது இல்லாத பிளக் வானொலியை மட்டுமல்ல, எஞ்சினை ஆளும் கணினியையும் குழப்பக்கூடும்.

மூன்றாவது: "விலை கூடியது நல்லது." இரிடியம் நல்ல உலோகம்தான். 2003இல் வந்த ஆர்.எக்ஸ்.-8க்குத் தொழிற்சாலையே இரிடியம் பிளக்குகளை விதித்தது. மேல் எது, கீழ் எது என்று குழம்பாதிருக்க அவற்றின் பெயரிலேயே எழுத்தும் வைத்தது. அந்தக் காருக்கு அதுவே சரி. ஆனால் அதற்கு முந்திய காருக்கு, முந்திய எஞ்சினுக்கு, விலைச்சீட்டைப் பார்த்துப் பிளக் வாங்குவது, கூடிய விலை மருந்து என்பதற்காக அடுத்த வீட்டுக்காரனின் மருந்தை விழுங்குவது போன்றது. சாதாரண காரில் இலட்சம் கிலோமீற்றர் உழைக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை ரோட்டரிக்காரர் நம்பக் கூடாது. அங்கே உழைப்பும் நான்கு மடங்கு, எண்ணெயும் கூட. என் மருமகன் அந்த நான்கு பந்தயப் பிளக்குகளுக்குக் கொடுத்த பணத்தில் தொழிற்சாலை விதித்த பிளக்குகளை இரண்டு தடவை மாற்றியிருக்கலாம். விலை கூடிய பிளக்கை நீண்ட நாள் வைத்திருப்பதைவிட, விதித்த பிளக்கை அடிக்கடி மாற்றுவதே இந்த எஞ்சினுக்குச் செய்யும் தர்மம்.

நான்காவது பொய், என் தலைமுறை தந்தது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "துடைத்துப் போட்டால் போதும்" என்பது. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக் ஓயாமல் கரி பிடிக்கும். பல்கலைக்கழக மாணவனாக இருந்த நாட்களில், வீதியோரத்தில் குந்தியிருந்து மண்கடதாசியால் பிளக்கைத் தேய்த்துத் தேய்த்து மீண்டும் பூட்டியவர்களில் நானும் ஒருவன். அது எமது சாதுரியம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அது இல்லாமையின் அறிவு. புதிய பிளக் கிடைக்காத ஊரில் பிறந்த வழக்கத்தை, கிடைக்கும் ஊரில் மகனுக்கும் மருமகனுக்கும் தொழில்நுட்பமாகக் கற்பிப்பது தவறு. தேய்த்த பிளக்கின் பீங்கானில் கீறல் விழும். கீறலில் மீண்டும் கரி குடியேறும். மொறிஸ் மைனர் அதை மன்னித்தது. ரோட்டரி மன்னிக்காது.

ஐந்தாவது: "எல்லாம் பிளக்கின் குற்றம்." எஞ்சின் விக்கும்போதெல்லாம் பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆர்.எக்ஸ்.-8இல் கொயில்கள் விரைவில் வலுவிழப்பவை என்பது அதனை வைத்திருக்கும் எல்லோரும் அறிந்ததே. வலுவிழந்த கொயிலோடு ஓடினால், எரியாத பெற்றோல் வெளிக்குழாய்க்குப் போய்ப் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை உருக்கிவிடும். கம்பிகளை மேல் கீழாக மாற்றிச் செருகிவிட்டுப் பிளக்கைத் திட்டுபவர்களும் உண்டு. பிளக் சாட்சி சொல்வது. குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் இருப்பான். சாட்சியைத் தூக்கிலிட்டால் வழக்கு முடியாது.

இவ்வளவையும் கவனித்து, சரியான இலக்கத்தையே தேடிப் போனாலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. போலிகள். பிரபல பிளக்குகளுக்குப் போலிகள் உலவுவதாக உற்பத்தியாளர்களே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறார்கள். பெட்டி அதே பெட்டி. எழுத்தும் அதே எழுத்து. உள்ளே இருப்பது மட்டும் வேறு. நம்ப முடியாத மலிவு விலையில் கிடைப்பதை நம்பாதீர்கள். எழுத்து மங்கியிருந்தாலும் புரி கரடுமுரடாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கையேட்டைத் திறவுங்கள். அதில் உள்ள இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மேலுக்கு இரண்டு, கீழுக்கு இரண்டு என்று கேட்டு வாங்குங்கள். எஞ்சின் ஆறிய பின்னர் கையால் திருகத் தொடங்குங்கள். கூடு அலுமினியத்தாலானது, பலவந்தம் அதற்கு ஆகாது. கழற்றிய பிளக்குகளை எறிந்துவிடாமல், எது எங்கிருந்தது என்று குறித்து வைத்துப் பாருங்கள். மண்ணிறமாக இருந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். வெளுத்து, பீங்கானில் கொப்புளம் கண்டிருந்தால் காரை ஓட்டாதீர்கள். எஞ்சினைத் திருத்தியமைத்திருந்தால் மட்டுமே இலக்கத்தை மாற்றுவது பற்றி யோசியுங்கள். அப்போதும் அந்த எஞ்சினை அமைத்தவரிடம் கேளுங்கள், அடுத்தவரிடம் அல்ல.

என் மருமகனின் கதைக்கு வருகிறேன். ரோட்டரி எஞ்சின்களை மட்டுமே பார்க்கும் ஒரு முதியவரிடம் காரை இழுத்துச் சென்றான். அவர் தேங்கிய பெற்றோலை வெளியேற்றி, அறைக்குள் சிறிது எண்ணெய் விட்டு, மூன்று முகங்களையும் அளந்து பார்த்தார். எஞ்சின் ஆரோக்கியமாகவே இருந்தது. கீழே 7, மேலே 9. கார் உயிர்த்தது. திறக்கத் தேவையில்லாத ஓர் எஞ்சினைத் திறப்பதற்கு அவன் கடன் வாங்கவும் ஆயத்தமாக இருந்தான் என்பதைப் பிறகுதான் சொன்னான்.

அவன் தப்பினான். தப்பாதவர்கள் எத்தனை பேரோ! ஆர்.எக்ஸ்.-7 உற்பத்தி 2002இல் நின்றது. ஆர்.எக்ஸ்.-8 உம் 2012இல் நின்றது. 2023இல் மஸ்டா மீண்டும் ஒரு ரோட்டரியைக் கொண்டுவந்தது உண்மையே. ஆனால் அது சக்கரத்தைச் சுழற்றவில்லை, மின்கலத்துக்கு மின்சாரம் பிறப்பிக்கும் ஒற்றை ரோட்டர் எஞ்சின். பழைய எஞ்சின்களுக்கு மாற்று இல்லை. மீதமிருப்பவை வருடத்துக்கு வருடம் குறைகின்றன. முதுமையால் சாவதை எவரும் தடுக்க முடியாது. "யாரோ சொன்னார்கள்" என்ற நான்கு பிளக்குகளால் சாவதைத் தடுக்க முடியும்.

முப்பது வருடங்களாகச் செய்திகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். வதந்தி எப்போதும் உறுதியான குரலில்தான் பேசும். கையேடு பேசாது. நாம்தான் திறந்து பார்க்க வேண்டும்.